பூட்டிய கதவு

மணிப்பூர் மாநிலத்தின் தலைநகரம் இம்பால். சுற்றிலும் மலைகள். நடுவில் பள்ளத்தாக்கு. அந்தப் பள்ளத்தாக்கில் உள்ள சிறிய நகரம் இது. நகரின் நடுவே ஒரு பெரிய சந்தை இருக்கிறது. அதன் பெயர் இமா கெய்தெல். மணிப்புரி மொழியில் இமா என்றால் அம்மா. கெய்தெல் என்றால் சந்தை. அங்கே கடை வைத்திருப்பவர்கள் எல்லோரும் பெண்கள்.

அந்தச் சந்தையில் கருவாடும் கீரையும் விற்கும் ஒரு தாயை நினைத்துப் பாருங்கள். அவருக்கு ஒரே மகன். வயது 22. வீட்டில் முதலில் செல்போன் காணாமல் போயிற்று. பிறகு சைக்கிள். பிறகு, தாயின் கல்யாணத்துக்கு வந்த வெண்கலப் பாத்திரங்கள் ஒவ்வொன்றாகப் போயின. "கடன் கொடுத்தேன் இமா" என்றான். "தொலைந்து போயிற்று இமா" என்றான். ஒரு நாள் அவனுடைய முழங்கையின் உள்பக்கம் ஊசித் தழும்புகளைத் தாய் பார்த்துவிட்டார்.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஊர் என்ன பேசும் என்ற பயம். மகனைப் பின்னறையில் தள்ளிக் கதவைப் பூட்டினார்.

முதல் நாள் இரவே அவனுக்கு மூக்கு ஒழுகியது. கொட்டாவி வந்துகொண்டே இருந்தது. உடம்பெல்லாம் புல்லரித்தது. மறுநாள் எலும்பை முறிப்பது போல வலி. வாந்தி, பேதி. தூக்கமே இல்லை. கதவைத் தட்டித் தட்டி அழுதான். தாயும் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அழுதார். ஆனால் திறக்கவில்லை. எட்டாம் நாள் திறந்தார். மகன் குளித்தான். சோறு கேட்டுச் சாப்பிட்டான். "தீர்ந்தது" என்று தாய் நினைத்தார்.

மூன்று வாரம் கழித்து அவன் கொல்லையில் விழுந்து கிடந்தான். உதடு நீலமாக இருந்தது. மூச்சு எப்போதோ ஒரு முறை வந்தது.

ஏன் இப்படி ஆயிற்று?

அவன் ஊசி மூலம் ஏற்றிக்கொண்டது ஹெராயின். அபினியிலிருந்து செய்யப்படும் பவுடர் அது. தினமும் ஏற்றினால் உடம்பு அதற்குப் பழகிவிடும். நேற்றைய அளவு இன்று போதாது. அளவு கூடிக்கொண்டே போகும். நிறுத்தினால் உடம்பு தவிக்கும். அந்தத் தவிப்புக்குப் பயந்தே பலர் மீண்டும் ஊசியைத் தேடுகிறார்கள். சந்தோஷத்துக்காகத் தொடங்கியவர், பிறகு வலியில்லாமல் ஒரு நாளைக் கழிப்பதற்காகவே ஏற்றிக்கொள்கிறார்.

ஒரு வாரம் அடைத்து வைத்தால் இந்த உடல் தவிப்பு பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் மூளையில் பதிந்த ஆசை ஒரு வாரத்தில் போகாது. வயலில் நாள்பட நீர் ஓடிய வாய்க்காலை எண்ணிப் பாருங்கள். நீரை நிறுத்தினாலும் வாய்க்கால் அப்படியே இருக்கும். அடுத்த மழையில் தண்ணீர் அந்த வழியாகத்தான் பாயும். பழைய நண்பன், பழைய தெரு, கையில் கொஞ்சம் காசு, வீட்டில் ஒரு சண்டை. இவற்றில் ஒன்று போதும், ஆசை மீண்டும் கிளம்பும்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இதைப் பல பெற்றோர் அறியமாட்டார்கள். சில வாரம் நிறுத்தியிருந்தால் உடம்பு தன் பழக்கத்தை இழந்துவிடும். அப்போது பழைய அளவை ஏற்றினால் உடம்பு தாங்காது. மூச்சு நின்றுபோகும். சிறையிலிருந்து வெளியே வந்தவர்களும், சிகிச்சை மையத்திலிருந்து வீடு திரும்பியவர்களும் முதல் சில வாரங்களில் இப்படி இறந்துபோவது உண்டு. இந்த மகனுக்கும் நேர்ந்தது அதுதான்.

அவன் பிழைத்தான். அடுத்த தெருவில் இருந்த ஒருவர் ஓடி வந்தார். அவரும் ஒரு காலத்தில் ஊசிப் பழக்கத்தில் இருந்தவர். இப்போது ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை செய்கிறார். அவர் பையனின் வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுத்தார். நலோக்சோன் என்ற மருந்தை ஊசியாகப் போட்டார். ஹெராயின் அடைத்த மூச்சை மீட்கும் மருந்து அது. மூச்சு திரும்பியதும் பையனை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மருந்தின் வேகம் சீக்கிரம் குறைந்துவிடும். அதனால் ஆஸ்பத்திரிக்குப் போவது கட்டாயம்.

நகரம் கற்றுக்கொண்ட பாடம்

இம்பாலிலிருந்து ஏறக்குறைய 110 கிலோமீட்டர் போனால் மோரே என்ற ஊர் வரும். அதற்கு அப்பால் மியான்மர் நாடு. அந்த எல்லை வழியாக 1980-களில் ஹெராயின் உள்ளே வந்தது. இளைஞர்கள் அதை 'நம்பர் ஃபோர்' என்று அழைத்தார்கள்.

அப்போது ஊருக்குத் தெரிந்த வழி தண்டனைதான். பெற்றோரே பிள்ளைகளைப் போலீஸில் ஒப்படைத்தார்கள். சிறைகள் இளைஞர்களால் நிறைந்தன. சில ஆயுதக் குழுக்கள் அவர்களைக் காலில் சுட்டன. பயந்தவர்கள் பழக்கத்தை விடவில்லை, ஒளிந்துகொண்டார்கள். ஒளிந்த இடத்தில் புது ஊசி கிடைக்காது. ஒரே ஊசியைப் பலரும் போட்டுக்கொண்டார்கள். அந்த ஊசி வழியாக எச்.ஐ.வி. கிருமி பரவியது. 1989-90 காலத்தில் அது தெரிய வந்தது. ஓர் ஆண்டுக்குள் பரிசோதனை செய்துகொண்ட ஊசிப் பழக்கக்காரர்களில் பாதிப் பேரிடம் கிருமி இருந்தது. பிறகு அது அவர்களுடைய மனைவிமாரையும் தொற்றியது. அந்தப் பெண்கள் ஊசியைக் கையால் தொட்டதுகூட இல்லை.

1996-ல் மணிப்பூர் அரசு எய்ட்ஸ் கொள்கை ஒன்றை ஏற்றது. பழக்கத்தை உடனே விட முடியாதவருக்குச் சுத்தமான ஊசி கொடுப்பது என்ற வழி அதில் ஏற்கப்பட்டது. "ஊசி கொடுத்துப் பழக்கத்தை வளர்ப்பதா?" என்று பலர் கோபப்பட்டார்கள். கோபம் நியாயமாகத்தான் தோன்றும். ஆனால் உயிரோடு இருப்பவரைத்தானே திருத்த முடியும்? ஊசி வாங்க வருகிறவரிடம்தான் சிகிச்சையைப் பற்றியும் பேச முடியும்.

குடியும் நோய்தான்

இம்பால் பெண்கள் அதற்கு முன்பே குடியை எதிர்த்து எழுந்தவர்கள். 1970-களின் பிற்பகுதியில் இரவில் விளக்கோடு தெருத் தெருவாகப் போனார்கள். குடித்துவிட்டுக் கலாட்டா செய்தவர்களைப் பிடித்தார்கள். அதற்கு நிஷா பந்த் என்று பெயர். 1991-ல் மாநிலத்தில் மதுவிலக்குச் சட்டம் வந்தது. மறைவில் சாராயம் விற்பது நிற்கவில்லை. 2022-ல் அமைச்சரவை தடையைத் தளர்த்த முடிவு செய்தது. கடையை மூடும் வேலையைச் சட்டம் செய்யலாம். ஏற்கெனவே குடிக்கு அடிமையானவருக்கு மருத்துவம் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தினமும் நிறையக் குடிப்பவரை ஒருபோதும் அறையில் போட்டுப் பூட்டாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் கை நடுங்கும், வியர்க்கும். இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம். இல்லாத ஆட்களும் பூச்சிகளும் கண்ணுக்குத் தெரியும். நாள் கிழமை தெரியாமல் உளறுவார். உயிரே போகலாம். ஹெராயினை நிறுத்துவதைவிடக் குடியைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்தானது. டாக்டரின் கண்காணிப்பில், மருந்தோடுதான் நிறுத்த வேண்டும்.

2019-ல் மத்திய அரசு ஓர் ஆய்வு அறிக்கையை வெளியிட்டது. இந்தியாவில் 16 கோடிப் பேர் மது அருந்துகிறார்கள் என்று அது சொன்னது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றிருந்தார்.

மாத்திரையும் வரிசையும்

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய மகனிடம் அடுத்த தெருக்காரர் பேசினார். தாயிடமும் பேசினார்.

"இமா, இவனை அடிக்கவும் வேண்டாம், பூட்டவும் வேண்டாம். என்னோடு மையத்துக்கு அனுப்புங்கள்."

"போலீஸ் பிடித்துக்கொண்டு போகாதா?"

"சிகிச்சைக்கு வருகிறவரைப் பிடிக்க மாட்டார்கள், இமா."

போதைப்பொருள் சட்டம் 1985-ல் வந்தது. விற்பவருக்கு அதில் கடும் தண்டனை உண்டு. ஆனால் அதிலேயே ஒரு வழியும் இருக்கிறது. சிறிய அளவு வைத்திருந்ததற்காக வழக்கில் சிக்கிய அடிமை, தானே முன்வந்து அரசு ஏற்ற இடத்தில் சிகிச்சை பெற்றால் அந்த வழக்கிலிருந்து விலக்குப் பெறலாம்.

மையத்தில் தினமும் ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள். அதன் பெயர் புப்ரெனார்பின். அதை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைய விட வேண்டும். நர்ஸ் எதிரில் நின்று பார்ப்பார். இந்த மாத்திரை உடம்பின் தவிப்பை அடக்கும். ஊசிக்கு அலைய வேண்டியதில்லை. வேலைக்குப் போகலாம். "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்று தாய் கேட்டார். டாக்டர் சர்க்கரை நோயாளியைச் சொல்லி விளக்கினார். அவர் தினமும் மருந்து சாப்பிடுகிறார். அதை யாரும் போதை என்று சொல்வதில்லை. இதுவும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தேவைப்படும். மெல்ல மெல்லத்தான் குறைப்பார்கள்.

எச்.ஐ.வி.க்கும் மஞ்சள் காமாலைக் கிருமிக்கும் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். இரண்டுக்கும் அரசில் இலவச மருந்து உண்டு.

நாட்டின் எந்த ஊரில் இருப்பவரும் 14446 என்ற எண்ணில் பேசலாம். கட்டணம் இல்லை. குடிக்கும் போதைக்கும் எங்கே சிகிச்சை கிடைக்கும் என்று கேட்கலாம். குடிப்பவர்தான் பேச வேண்டும் என்பதில்லை. மனைவியோ தாயோ பேசலாம்.

மகன் ஆறு மாதம் ஒழுங்காக மையத்துக்குப் போனான். சந்தையில் மூட்டை தூக்கினான். ஏழாம் மாதம் ஒரு நண்பனின் சாவு வீட்டில் பழையவர்களைப் பார்த்தான். அன்று இரவு ஊசி போட்டுக்கொண்டான்.

மறுநாள் காலை அவனே வந்து சொன்னான். "இமா, நேற்று தவறிவிட்டேன்."

தாய்க்குக் கை ஓங்கியது. பூட்டு ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்தார். பிறகு சால்வையை எடுத்துப் போர்த்திக்கொண்டார். அன்று கடையைத் தாமதமாகத் திறந்தார். காலையில் மையத்து வரிசையில் மகனோடு அவரும் நின்றார்.