பனையும் விடிலியும்

கோடையில் பயிர்நிலங்கள் வறண்டு கிடக்கும்போதுதான் உடன்குடித் தேரிநிலத்தில் பனையேறும் இல்லறத்தார்க்கு உழைப்புக் காலம் தொடங்குகிறது. விடியுமுன் கணவர் பனையேறிப் பாளையைச் சீவுவார். புளிக்காதிருக்க உட்புறம் சுண்ணாம்பு பூசிய கலயத்தில் பதநீர் சொட்டும். மாலையிலும் ஏறிச் சீவாவிடில் சுரப்புக் குன்றும்.

இறக்கிய பதநீரை மனைவி, ஓலை வேய்ந்த விடிலியில் பாகாகக் காய்ச்சிச் சிரட்டைகளில் ஊற்றுவார். வெளியே வெயில், உள்ளே அடுப்பனல். அன்று இறக்கியதை அன்றே காய்ச்சுதல் வேண்டும். ஆதலின் இருவர்க்கும் ஓய்வுநாள் இல்லை.

பனையிலிருந்து தவறி விழுந்தால் உயிர்க்கே இடர். கணவர் இறங்கும் ஒலி கேட்கும்வரை மனைவியின் செவி பனையடியிலேயே இருக்கும். கருப்பட்டிக்கு விலை பேசுவோர் இவ்விருவர் உழைப்பையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.