சாலையோரத் தீர்ப்பு

கொற்கை என்றதும் யாவர்க்கும் முத்து நினைவுக்கு வரும். அவ்வூரில் பிறந்த எனக்குச் சிலம்பின் வழக்கும் நினைவுக்கு வரும். கோவலன் விசாரணையின்றி வெட்டுண்டான். பாண்டிமாதேவி சிலம்பில் முத்து, தன் சிலம்பில் மாணிக்கம் என்று கண்ணகி அவையில் மெய்ப்பித்த பின்னரே அரசன் தவறுணர்ந்து உயிர்நீத்தான். அவனுக்குப்பின் ஆண்டவன், கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன்.

சென்ற ஆண்டு, வாழைத்தார் ஏற்றிவந்த என் தந்தையைக் காவலர் ஒருவர் மறித்தார். தந்தை தலைக்கவசம் அணிந்தே இருந்தார். "இல்லை என்றுதான் எழுதுவேன். இப்பவே கட்டு, இல்லேன்னா வண்டியும் போகும், நீயும் உள்ளே போவே" என்று மிரட்டிச் சீட்டெழுதினார். கையெழுத்து மட்டுமே அறிந்த தந்தை நடுங்கிப்போனார். அன்றிரவே சட்டத்தைப் படித்தேன்.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 130ஆம் பிரிவுப்படி, சீருடைக் காவலர் கேட்டால் உரிமத்தைக் காட்டவேண்டும். அதை அவர் கைப்பற்றினால், 206ஆம் பிரிவுப்படி ஒப்புகைச் சீட்டுத் தரவேண்டும். தலைக்கவசமின்றி ஓட்டினால், 2019 திருத்தப்படி அபராதம் 1000 ரூபாய். ஆனால் அதை அவ்விடத்திலேயே செலுத்துவது 200ஆம் பிரிவின் இணக்கத் தீர்வேயன்றிக் கட்டாயமன்று. மறுத்தால் குற்றவியல் நடுவர் விசாரிப்பார். குற்றத்தை மெய்ப்பிப்பது காவல்துறையின் பொறுப்பு.

நாங்கள் மறுத்தோம். மூன்று வாய்தா, மூன்று நாள் கூலி போயிற்று. சான்றில்லையென நடுவர் விடுவித்தார். "ரூவா மிச்சம்னு இல்லல, நம்ம சொல்லையும் ஒருத்தர் கேட்டாரு பாத்தியா!" என்றார் தந்தை.

தவறிழைத்தால் அபராதம் செலுத்துவது கடமை. இழைக்காதபோது விசாரணை கேட்பது உரிமை. படித்த நாம் இதனைப் படிக்காத பெற்றோர்க்கு எடுத்துரைப்போமாக!