நிலத்திலிருந்து மேலே: குசினிக்கு நிறம் தேர்ந்த அனுபவம்

குசினிக்கு கிரனைட் போட நினைப்பவர்கள் கடைக்குள் நுழைந்ததும் கல்லைத்தான் பார்க்கிறார்கள். தர்மபுரத்தில் எங்கள் வீட்டிலும், பிறகு உறவினர், அயலவர் வீடுகளிலும் இந்த வேலையோடு கூட நின்றதில் எனக்குத் தெளிவானது ஒன்று: கல் இரண்டாவது, நிலம்தான் முதலாவது. நிலத்தைப் பார்த்துக் கல், கல்லைப் பார்த்துக் கபேட், இவை மூன்றையும் பார்த்துச் சுவர் ரைல்ஸ். இந்த ஒழுங்கில் தெரிவுசெய்தால் செலவும் குறையும், நிறங்களும் ஒத்துப்போகும்.

பரந்தன் – முல்லைத்தீவு வீதியில் இருக்கும் எங்கள் ஊரில், 2009இல் போர் முடிந்தபின் மீளக்குடியமர்ந்த பலரும் தகரக் கொட்டிலில்தான் தொடங்கினோம். இந்திய வீட்டுத்திட்டத்தின் இரண்டாம் கட்டம் 2012 ஒக்டோபரில் தொடங்கியது. குடும்பத்துக்கு 550,000 ரூபா. வீட்டுக்காரரே நின்று கட்டுவிக்க வேண்டும். அப்படி எழுந்த வீடுகளில் குசினி சிறியது, நிலம் சீமெந்து. இப்போது பிள்ளைகளின் உழைப்பிலும் வெளிநாட்டு உறவுகளின் உதவியிலும் அந்தக் குசினிகள் பெரிதாகின்றன. கனடாவிலிருந்து படங்களும் வருகின்றன: வெள்ளைக் கபேட், வெள்ளைக் கல், வெள்ளைச் சுவர். அழகுதான். ஆனால் அங்கே செம்புழுதி இல்லை, கிணற்று நீர் இல்லை, விறகுப் புகை இல்லை. எங்கள் குசினியின் நிறத்தை இந்த மூன்றையும் மனதில் வைத்துத்தான் தீர்மானிக்க வேண்டும்.

நிலத்தின் சாயலைக் கண்டுபிடியுங்கள்

கல்லையோ கபேட்டையோ வாங்கும்வரை மாற்றலாம். நிலத்தைக் கிளப்புவது பெருஞ்செலவு. ஆகவே இருக்கிற நிலத்தின் சாயலை முதலில் பாருங்கள். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் மூன்று வகை: சிவப்புச் சீமெந்து மினுக்கிய நிலம், கிறீம் நிற ரைல்ஸ், சாம்பல் நிற ரைல்ஸ். முதல் இரண்டும் மஞ்சள், சிவப்புச் சாயல் கொண்டவை. மூன்றாவது நீலச் சாயல் கொண்டது. ஒரு வெள்ளைத் தாளை நிலத்தில் வைத்துப் பார்த்தால் அந்தச் சாயல் உடனே தெரியும். மேலே வரும் எல்லாமே அந்தச் சாயலோடு போக வேண்டும்.

கதவு, யன்னல் நிலைகளையும் கணக்கில் சேருங்கள். முதிரையில் பொன்மஞ்சள், தேக்கில் பொன்கபிலம், பாலையில் கருஞ்சிவப்பு. குசினியில் இவையும் நிறங்கள்தான்.

புதிதாக நிலம் போடுபவர்களுக்கு ஒரு சொல்: தூய வெள்ளை வேண்டாம். முற்றத்துச் செம்மண் காலோடு உள்ளே வந்துகொண்டே இருக்கும். மண்ணிறம் கலந்த கிறீம், மினுக்கம் குறைந்த மேற்பரப்பு என்றால் வழுக்காது, புழுதியும் பளிச்சென்று தெரியாது.

கல்லை வீட்டு வெளிச்சத்தில் பாருங்கள்

கடைகளில் அதிகம் காணும் கற்கள் இந்தியாவிலிருந்து வருபவை. கறுப்பில் பொற்புள்ளிகள் மின்னும் பிளாக் கலக்ஸி, ஆந்திரப் பிரதேசத்தின் சீமகுர்த்தியில் வெட்டப்படுவது. கறுப்பும் கபிலமும் கலந்த ரான் பிறவுண், தெலங்கானாவின் கரீம்நகர்ப் பக்கத்தது. சாம்பல் வெள்ளையில் சிறு சிவப்புப் புள்ளிகள் கொண்ட காஷ்மீர் வைற், பெயரில்தான் காஷ்மீர், கல் தமிழ்நாட்டினுடையது. அந்தச் சிவப்புப் புள்ளிகள் கார்னெட் மணிகள்.

எங்களுக்கு வேலை செய்த மேசன் அண்ணை சொன்னதை நான் எல்லாருக்கும் சொல்வேன்: “தங்கச்சி, கடை லைற்றில மினுங்குது எண்டு வாங்காதேங்கோ. ஒரு துண்டு கேட்டு வாங்கி, வீட்டு நிலத்தில வைச்சுக் காலமையும் பாருங்கோ, பின்னேரமும் பாருங்கோ.” எங்கள் வீடுகளில் குசினி அக்கினி மூலையில், தென்கிழக்கில் இருக்கும். காலையில் பொன் வெயில் உள்ளே விழும். பின்னேரம் அதே இடம் மங்கிவிடும். கருங்கபிலக் கல் பின்னேரத்தில் கறுப்பாகவே தெரியும். மின்குமிழும் நிறத்தை மாற்றும்: 3000 கெல்வின் என்று போட்டிருப்பது மஞ்சள் ஒளி, 6500 கெல்வின் நீலம் கலந்த வெள்ளை. கிறீம் கபேட்டை நீல ஒளியில் பார்த்தால் வாடிப்போனதுபோல் இருக்கும்.

கறுப்புக் கல் வாங்கினால் ஒரு சோதனை செய்யுங்கள். வெள்ளைத் துணியில் அசிட்டோன் நனைத்துத் தேய்த்துப் பாருங்கள். நகப்பூச்சு அகற்றும் திரவத்திலும் பெரும்பாலும் இதுதான் இருக்கும். துணியில் கறுப்பு ஒட்டினால் அந்தக் கல்லுக்குச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். சாயம் நாளடைவில் வெளிறும். சேர்த்த பொருத்தமெல்லாம் கெட்டுவிடும்.

நீரும் மஞ்சளும்

எங்கள் கிணற்று நீர் கடினநீர். கேத்திலின் அடியில் படியும் அதே வெண்படிவம், துடைக்காமல் விட்டால் கறுப்புக் கல்லிலும் வளையமாகப் படியும். சிங்கைச் சுற்றி முழுக்கறுப்பு மினுக்கக் கல் போடுபவர்கள், ஒவ்வொரு முறையும் ஈரம் துடைக்கும் பழக்கத்தையும் சேர்த்து எடுக்க வேண்டும். புள்ளிகள் கொண்ட கல்லில் அந்தப் படிவம் அவ்வளவாகத் தெரியாது. வெளிர்நிறக் கற்கள் பல, கறுப்புக் கற்களைவிட ஈரத்தை அதிகம் உறிஞ்சும். மஞ்சளும் எண்ணெயும் கறையாகும். காஷ்மீர் வைற் போடுபவர்கள் பதித்தவுடன் சீலர் பூசி, பிறகும் அவ்வப்போது பூச வேண்டும். தினமும் மீன்குழம்பு கொதிக்கும் குசினிக்குப் புள்ளியிட்ட கருங்கல்லே நல்லது என்பது என் முடிவு.

கபேட்டின் நிறத்துக்கு முன் அதன் பொருள்

கறையானும் வெள்ளமும் எங்கள் ஊரின் உண்மைகள். 2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை யாரும் மறக்கவில்லை. மரத்தூள் பலகை தண்ணீரில் ஊறினால் வீங்கிவிடும். அதன்மேல் எந்த நிறம் இருந்தும் பயனில்லை. கீழ்க்கபேட்டுக்கு நிறம் பூசிய அலுமினியமும், அடியில் நாலு அங்குலச் சீமெந்துத் திட்டும் சிறந்தவை. கீழே நிலத்துக்கு நெருங்கிய கடும் நிறம், மேலே கிறீம் அல்லது வெளிர் நிறம் என்று பிரித்தால், புழுதி படும் கீழ்ப்பகுதி அழுக்காகத் தெரியாது, சிறிய குசினியும் விரிந்து தெரியும்.

பின்சுவர்

மேடைக்கும் மேல்கபேட்டுக்கும் இடையே ஒன்றரை முதல் இரண்டு அடிச் சுவர்தான் வரும். தாளிதம் தெறிப்பதும் அங்கேதான். சின்னச் சின்ன ரைல்ஸ் என்றால் இடைவெளிக் கோடுகள் பல. வெள்ளைக் கோடு மஞ்சளில் பழுத்துவிடும். பெரிய ரைல்ஸ், இடைவெளியை நிரப்ப மணல் நிறக் கிறவுட், அடுப்புக்குப் பின்னால் முடிந்தால் எப்பொக்சிக் கிறவுட். 2022இல் காஸ் தட்டுப்பாடு வந்தபோது நாடெங்கும் விறகடுப்பு மறுபடி எரிந்தது. விறகடுப்பு உள்ளவர்கள் அதைப் புகைக்கூட்டோடு பிறிம்பாக வையுங்கள். புகை படிந்தால் வெளிர்ச் சுவர் கபிலமாகிவிடும்.

நான் பார்த்துத் திருப்தியான சேர்க்கைகள்

சிவப்புச் சீமெந்து நிலத்துக்கு: பிளாக் கலக்ஸி, கிறீம் கபேட், கோலமில்லாத கிறீம் சுவர் ரைல்ஸ். கல்லின் பொற்புள்ளி முதிரைக் கதவோடு அழகாகப் பேசும். இந்த நிலத்தில் ரான் பிறவுண் போட்டால் அறை இருண்டுவிடும்.

கிறீம் ரைல்ஸ் நிலத்துக்கு: ரான் பிறவுண், தேக்கு நிறக் கபேட், வெளிர்மணல் நிறச் சுவர்.

சாம்பல் நிலத்துக்கு: காஷ்மீர் வைற் அல்லது கறுப்பு, சாம்பல் கீழ்க்கபேட், வெள்ளை மேல்கபேட், வெள்ளைச் சுவர்.

மூன்றுக்கும் பொது விதி: கல், சுவர், நிலம் மூன்றில் ஒன்றில் மட்டுமே கோலமோ புள்ளியோ இருக்கட்டும். கல் பேசினால் சுவர் அமைதியாக இருக்க வேண்டும். பூப்போட்ட ரைல்ஸ்தான் வேண்டுமென்றால் ஒரே நிறக் கல்லை எடுங்கள்.

கல் பதித்தபின் அதைக் கழற்றினால் உடையும், காசு திரும்பாது. ஆகவே முற்பணம் கொடுப்பதற்கு முன் கல் துண்டு, கபேட் துண்டு, ஒரு சுவர் ரைல், மூன்றையும் உங்கள் குசினி நிலத்தில் ஒன்றாக வையுங்கள். நனைத்துப் பாருங்கள், மஞ்சள் தடவிப் பாருங்கள், வீட்டில் சமைப்பவர்களிடம் கேளுங்கள். அந்த மேடையில் தினமும் நிற்கப் போகிறவர் சொல்லும் நிறமே உங்கள் குசினிக்குச் சரியான நிறம்.