மண்டபம் முகாமுக்கு உதவ என்ன வழி?

கேள்வி: மண்டபத்தில் தங்கியிருக்கும் இலங்கைத் தமிழருக்குத் தொண்டு நிறுவனம் மூலம் உதவ முடியுமா?

பதில்: பிரிட்டிஷார் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளை நிறுத்தி நோய்ச் சோதனை செய்த இடம் ராமேஸ்வரம் அருகே உள்ள மண்டபம் முகாம். இலங்கையில் தமிழருக்கு எதிரான 1983 கலவரத்துக்குப் பின், எதிர்த்திசையில் வந்தவர்களுக்கு அதுவே புகலிடமானது. 2022 மார்ச்சில், இலங்கையின் பொருளாதார நெருக்கடிக்குத் தப்பி வந்த முதல் ஆறு பேரைப் படகோட்டி தனுஷ்கோடியின் அரிச்சல்முனை அருகே மணல் திட்டில் இறக்கிவிட்டுப் போய்விட்டார்; அவர்களில் ஒன்று கைக்குழந்தை. கடலோரக் காவல் படைதான் மீட்டது; பின்னர் அவர்களும் இந்த முகாமுக்கே வந்தார்கள்.

1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. எனவே தங்க அனுமதிப்பது அரசின் கையில். மாத உதவித்தொகையும் அரிசியும் மாநில அரசு தருகிறது. தொண்டு அமைப்புகளின் வேலை அதற்கு அப்பால்: பிள்ளைகளின் கல்வி, சத்துணவு, ஊர் திரும்ப விரும்புவோருக்குப் பிறப்புச் சான்று போன்ற ஆவணங்கள். இலங்கைத் தமிழர் தலைவர் தந்தை செல்வாவின் மகன் சந்திரஹாசன் 1984இல் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இதில் முன்னோடி. அகதிகளே அதில் பணியாளர்கள் என்பதுதான் அதன் பலம்.

முகாமுக்குள் நுழைய அரசு அனுமதி வேண்டும். பழந்துணி மூட்டையோடு வாசலில் போய் நிற்பதைவிட, ஒரு மாணவரின் கல்லூரிக் கட்டணத்தை இத்தகைய அமைப்பு வழியாகச் செலுத்துவது மேல்.