'எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல போடுங்க': ஒரு தவறான உபதேசம்

முகூர்த்த மாதம் பிறந்தால் மேட்டுப்பாளையம், காரமடைப் பக்கம் இந்த உபதேசமும் கூடவே கிளம்பிவிடுகிறது: "ஆல்பத்துக்குப் புடிச்ச போட்டோவையெல்லாம் ஒரே ஃபோல்டர்ல காப்பி போட்டுக் கொண்டாங்க, அப்பத்தானுங்க பிரிண்ட் போட முடியும்." இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பது தெரிந்ததே. விண்டோஸில் படங்களைத் தேர்ந்து வலது பொத்தானை அழுத்திப் பிரிண்ட் கொடுப்பவர்கள், பெரும்பாலும் திறந்திருக்கும் ஒரு ஃபோல்டருக்குள்தான் தேர்கிறார்கள். அந்தப் பழக்கத்தைப் போட்டோ உலகத்துக்கே விதியாக்கிவிட்டார்கள். விளைவு என்ன தெரியுமா? கேமராக்கள் படத்துக்குப் பொதுவாக நான்கு இலக்க எண்ணைத்தான் வைக்கின்றன. 9999 வந்ததும் மறுபடி 0001. இரண்டு நிக்கான் கேமரா ஓடிய கல்யாணத்தில், 'கேமரா 1' ஃபோல்டரின் 'டிஎஸ்சி 0457' இணைச்சீர்ச் சடங்காக இருக்கும். 'கேமரா 2' ஃபோல்டரின் 'டிஎஸ்சி 0457' பந்தியாக இருக்கும். இரண்டையும் ஒரே இடத்தில் போட்டால் விண்டோஸ் கேட்கும்: பழையதை மாற்றவா, புதியதைத் தவிர்க்கவா? மாற்று என்றால் இணைச்சீர் போச்சு, தவிர் என்றால் பந்தி வராது. காப்பிக்குப் பதில் 'கட்' செய்து ஒட்டியவருக்கோ, மாற்றப்பட்ட படம் பழைய ஃபோல்டரிலும் இருக்காது.

படங்களை நிர்வகிக்கும் மென்பொருள்கள் இந்தச் சிக்கலை எப்போதோ தீர்த்துவிட்டன. டிஜிகேம் 2001 முதல் வளர்ந்துவரும் இலவச மென்பொருள். அதில் பிடித்த படத்துக்கு 'ஆல்பம்' என்று ஓர் அடையாளச் சொல் கொடுத்தால் போதும். அந்தச் சொல்லைச் சொடுக்கினால், எந்தெந்த ஃபோல்டரில் கிடந்தாலும் அத்தனையும் ஒரே திரையில் வரிசை கட்டும்; கோப்பு இருந்த இடத்தை விட்டு இம்மியும் நகராது. லைட்ரூம் கிளாசிக்கில் 'பி' (B) விசையைத் தட்டினால் படம் உடனடித் தொகுப்பில் சேரும். 2016இல் கூகுள் கைவிட்ட பிகாசாவில்கூட, வெவ்வேறு ஃபோல்டர் படங்களைப் பிடித்துவைக்கக் கீழே ஒரு தட்டு இருந்தது. இன்னொரு லாபமும் உண்டு. காப்பி எடுத்தபின் மூலப் படத்தில் நிறத்தைத் திருத்தினால், காப்பி பழைய நிறத்திலேயே நிற்கும். லேபுக்குப் போவதும் அதுதான். அடையாளம் இட்டிருந்தால் இந்த இரட்டை வேடத்துக்கே இடமில்லை.

"லேப்காரரிடம் அந்த மென்பொருள் இல்லையே, கடைசியில் பென்டிரைவில் ஒரே ஃபோல்டராகத்தானே கொடுக்க வேண்டும்?" என்பார்கள். கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அது தேர்வு முழுவதும் முடிந்தபின், ஒரே தடவை, மென்பொருளின் ஏற்றுமதி வசதியில் 001, 002 என்று புதுப்பெயர் வைத்துச் செய்யும் வேலை. பெயர் மோதாது, வரிசையும் குலையாது. "மென்பொருள் கெட்டுப்போனால் அடையாளமும் போய்விடுமே" என்ற கவலை நியாயமானது. டிஜிகேமின் அமைப்புகளில், அடையாளத்தைப் படக் கோப்புக்குள்ளேயே எழுதச் சொல்லும் வசதி இருக்கிறது. அதை முதலில் இயக்கிவிடுங்கள்.

மற்ற வதந்திகளுக்கு இவ்வளவு மூச்சு வேண்டாம். காப்பி போடப் போடத் தரம் குறையுமாம். குறையாது, ஒரு பிட்கூட மாறாது. ஜேபெக்கைத் திறந்து திருத்தித் திரும்பத் திரும்பச் சேமித்தால்தான் குறையும், வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினாலும் குறையும். 72ஐ 300 டிபிஐ என்று மாற்றினால் படம் தெளிவாகுமாம். பிக்சல் கூடாதவரை அது வெறும் எண். 4க்கு 6 அங்குலப் பிரிண்டுக்கு 1200க்கு 1800 பிக்சல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

இத்தனைக்கும் மேலே ஒரு வினை இருக்கிறது, அதை யாரும் பேசுவதில்லை. பல ஃபோல்டர் படங்களை ஒன்றாகக் காட்டும்போது படம் எடுத்த நேரத்தை வைத்துத்தான் பொதுவாக வரிசைப்படுத்துகிறோம். ஒரு கேமராவின் கடிகாரம் ஒரு மணி நேரம் முந்தியிருந்தால், ஆல்பத்தில் இணைச்சீருக்கு முன்பே தாலி ஏறிவிடும். பிறகு நேரத்தைத் திருத்த வழி உண்டுதான். ஆனாலும் ஸ்டுடியோ நண்பர்களே, மண்டபத்துக்குள் நுழையும் முன் எல்லாக் கேமராவின் கடிகாரத்தையும் ஒரே நேரத்துக்கு வையுங்கள். ஒரு நிமிட வேலை அது.