மணலிலும் விளையும்: வீட்டுத் தோட்டமும் அறுவடையின் அறமும்



2022ஆம் ஆண்டின் ஆனி மாதத்தை நாம் மறந்திருக்க மாட்டோம். எரிவாயுவுக்கும் எண்ணெய்க்கும் வரிசையில் நின்ற நாட்கள் அவை. 2021 வைகாசியில் இரசாயனப் பசளை இறக்குமதிக்கு விதித்த தடையால் விளைச்சலும் குறைந்திருந்தது. அவ்வேளை, அரச ஊழியர் வீட்டுத் தோட்டம் செய்யட்டும் என்று மூன்று மாதங்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை வழங்க அமைச்சரவை இணங்கியது.

நோக்கம் நல்லதே. ஆனால் கல்முனைக் கரையில் ஆனி என்பது கச்சான் காற்று அடிக்கும் காலம். அந்த நேரத்தில் சுடுமணலில் விதையைப் போட்டு, முளைத்த கன்று நண்பகலில் வாடி விழுவதைப் பார்த்தவர்கள், "இந்த மண்ணில் ஒன்றும் வராது" என்று மண்வெட்டியைச் சாத்திவிட்டார்கள். குற்றம் மண்ணுடையதா? நல்லெண்ணத்தோடு காலமும் நிலமும் அறிந்திருக்க வேண்டும். இவ்வாரம் அதைப் படிப்போம்.

1. நீரை அறிக

பெரியநீலாவணை, மருதமுனை தொடங்கி சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் வரை நமது வளவுகள் பெரும்பாலும் கடல் மணல். மாரி மழை அதில் சுவறி, கீழேயுள்ள உவர்நீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல்நீர் பாரமானது, நன்னீர் இலேசானது. நமது கிணற்று நீர் இந்த மெல்லிய நன்னீர்ப் படைதான். நன்னீர் மட்டம் ஓர் அடி தாழ்ந்தால், காலப்போக்கில் உவர்நீர் ஏறக்குறைய 40 அடி மேலேறக்கூடும் என்பது நீரியல் கற்றோர் கணக்கு.

2004 மார்கழி 26 கடற்கோளில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். கரையோரக் கிணறுகளும் உவர்த்துப்போயின. அவற்றைச் சுத்தம் செய்யவென்று அளவுமீறி இறைத்தால் அடியிலுள்ள உப்பு மேலே வரும் என்று அறிந்தோர் எச்சரித்தனர். இறுதியில் மண்ணைக் கழுவி நீரை இனிமையாக்கியது மாரி மழையே. ஆகவே தோட்டத்துக்கு இயந்திரம் பூட்டி ஒரேயடியாக இறைக்காதீர்கள். காலையும் மாலையும் வாளியால் வேரடியில் ஊற்றுவதே கிணற்றுக்கும் பயிருக்கும் நலம்.

2. காலத்தை அறிக

ஐப்பசியில் முதல் மழையோடு மரவள்ளி, வாழை, முருங்கை நடலாம். கார்த்திகை, மார்கழி அடைமழை இளங்கன்றுகளை அழுக்கும். பசளையையும் கரைத்துக்கொண்டு போகும். எனவே மார்கழியில் மழை படாத இடத்தில் கத்தரி, மிளகாய் நாற்றுப் போடுங்கள். தையில் கிணறு நிறைந்து நீர் இனிமையாக இருக்கும். அப்போது நாற்றை நட்டு, வெண்டி, பயற்றங்காய் விதைகளையும் ஊன்றினால், கச்சான் கடுமையாகுமுன் நல்ல பங்கு பலனைக் கண்டுவிடலாம்.

3. மண்ணைத் திருத்துக

மணலில் நீர் தங்காது, உரமும் தங்காது. ஆகையால் வளவு முழுவதையும் கொத்த வேண்டாம். இரண்டு, மூன்று அடிக்கு ஒரு குழியாக, ஓர் அடி ஆழத்தில் வெட்டுங்கள். அடியில் தேங்காய் மட்டையை உட்புறம் மேலே பார்க்க அடுக்குங்கள். அது நீரைக் குடித்து வைத்து வேருக்குக் கொடுக்கும். அதன்மேல் உக்கிய மாட்டெரு, இலைகுழை, மேல்மண் மூன்றையும் கலந்து நிரப்புங்கள். நட்டபின் காய்ந்த சருகால் மூடுங்கள். சமையலறைக் கழிவை வேலியோரக் குழியில் சேர்த்தால் அடுத்த போகத்துக்கு எரு ஆயத்தம்.

4. பறிக்கும் பக்குவம்

நட்டவர் பலர் பறிக்கத் தெரியாமல் இழக்கிறார்கள். வெண்டி விதைத்து ஒன்றரை மாதமளவில் காய்க்கும். நுனியை ஒடித்தால் முறிய வேண்டும். இரண்டு நாளுக்கொருமுறை பறியுங்கள். முற்றவிட்டால் செடி தன் பலத்தை விதைக்குக் கொடுத்துவிட்டுக் காய்ப்பதைக் குறைக்கும். பயற்றங்காயை உள்ளே பருப்புப் புடைக்குமுன் பறியுங்கள். கத்தரிக்காயின் தோல் மினுங்கும்போது காம்போடு வெட்டுங்கள்; மினுக்கம் மங்கினால் விதை முற்றிவிட்டது. கீரையைப் பிடுங்காமல் அடித்தண்டை விட்டு அரிந்தால் மீண்டும் துளிர்க்கும். காலைக் குளிரில் பறிப்பதே சிறந்தது.

ஆனால் மிகச் சிறந்த செடியில் ஒரு காயைப் பறிக்காமல் விடுங்கள். அது முற்றிக் காயட்டும். விதையை எடுத்து உலர்ந்த சாம்பலோடு போத்தலில் அடைத்து வையுங்கள். ஒட்டுவீரிய விதை தாயைப்போல் மறுமுறை வராது. நாட்டு விதையே இதற்கு ஏற்றது. நல்லதையெல்லாம் தின்றுவிட்டுச் சூம்பலை விதைக்கு வைப்பவன் ஆண்டுதோறும் ஏழையாவான்.

5. ஓரத்தை விட்டுவிடுக

தொடக்கநூல் மனிதனைத் தோட்டத்தில் வைத்தது, அதைப் பண்படுத்தவும் காக்கவுமே. லேவியர் நூலின் 19ஆம் அதிகாரமோ அறுவடைக்கே ஒரு கட்டளை தருகிறது: வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கும் அந்நியனுக்கும் விட வேண்டும். ஒருவன் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ உண்டால் அது அவனுக்குத் தருமமாகும் என்பது நபிகளின் போதனையென்று நம் முஸ்லிம் அயலவர்களும் அறிவார்கள்.

நமது ஊர்களில் தமிழரும் முஸ்லிம்களும் வேலிக்கு வேலி வாழ்கிறோம். 1990ஆம் ஆண்டின் கசப்பு இரு பக்கமும் கண்ணீரைத் தந்தது, வேலிகள் உயர்ந்தன. ஆயினும் நோன்பு மாதத்தில் கஞ்சி அந்தப் பக்கமிருந்து வருகிறது. நமது பக்கமிருந்து என்ன போகிறது? ஒரு பிடி பயற்றங்காய் பெரிய காரியமல்ல. ஆனால் அதைக் கொடுக்க வேலியருகே போக வேண்டும். போனால் பேச வேண்டும். பேச்சு நின்ற இடத்தில்தான் பகை முளைக்கிறது.

வீட்டுத் தோட்டம் நெல்லைத் தராது; எல்லாக் கடனையும் தீர்க்காது. பிள்ளைகளின் கோப்பையில் ஒரு கறியைக் கூட்டும். மறுபடி பஞ்சம் வந்தால் வெறுங்கையோடு நிற்காதபடி காக்கும். ஐந்து குழியோடு தொடங்குங்கள். ஐந்தாவது குழியில் விளைவது அயலவருக்கென்று இப்போதே தீர்மானியுங்கள்.

சிந்திக்க:
அ) நமது கிணற்றை வருங்காலப் பிள்ளைகளுக்கும் உரியதென்று எண்ணி இறைக்கிறோமா?
ஆ) இவ்வாண்டு நமது விளைச்சலின் ஓரம் யாருக்கு?