செலவை வெட்டச் சண்டை, ஏறுவது வீட்டு வரி: இல்லினாய்க் கணக்கு

கேள்வி: சிகாகோவை அடுத்த நேப்பர்வில்லில் 2014-இல் வீடு வாங்கினோம். வட்டி மாறாத கடன்தான். ஆனாலும் மாதத் தவணை ஏறிக்கொண்டே போகிறது. வங்கியைக் கேட்டால், தவணையோடு சேர்த்து வசூலிக்கும் சொத்து வரி கூடிவிட்டது என்கிறார்கள். நாங்கள் குடிவந்த புதிதில் இல்லினாய் மாநிலத்தில் இரண்டு வருஷம் பட்ஜெட்டே போடாமல் சண்டை நடந்தது. அரசு செலவைக் குறைக்கவும் சொத்து வரியை ஏறாமல் நிறுத்தவும்தான் அந்தச் சண்டை என்றது ஆளுநர் தரப்பு. அவ்வளவு சண்டைக்குப் பிறகும் என் வரி குறையாதது ஏன்? அதன் விலையைத்தான் இப்போது கட்டிக்கொண்டிருக்கிறோமா? வரியை ஏற்றக் கூடாது என்று ஒரே சட்டமாகப் போட்டால் தீர்ந்துவிடாதா? இப்போதுதான் குடியுரிமை பெற்றோம். அடுத்த உள்ளாட்சித் தேர்தலில் ஓட்டுப் போடப்போகிறோம். யாரிடம் என்ன கேட்பது?

— ஒரு வாசகி, நேப்பர்வில்

பதில்: அம்மா, உங்கள் கேள்வியில் நான்கு கேள்விகள் இருக்கின்றன. முதலில் சுருக்கமான பதில்: அந்த இழுபறி உங்கள் வரி பில்லை நேராக ஏற்றவில்லை. ஆனால் மாநிலம் எடுக்காமல் விட்ட முடிவுகளின் சுமை ஒவ்வொன்றாக உள்ளாட்சிகளின் தலையில் இறங்கியது. உள்ளாட்சிகளின் கையில் இருக்கும் பெரிய கருவி சொத்து வரி ஒன்றுதான்.

என்னதான் நடந்தது?

2015 ஜனவரியில் குடியரசுக் கட்சியின் புரூஸ் ரவுனர் ஆளுநரானார். அங்கே ஆளுநர் என்பது நம் ஊர் போல நியமனப் பதவி அல்ல. மக்கள் தேர்ந்தெடுப்பவர், பட்ஜெட்டை ரத்து செய்யும் வீட்டோ அதிகாரமும் உள்ளவர். சட்டமன்றத்தின் இரு அவைகளும் ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தன. கீழவைச் சபாநாயகர் மைக்கேல் மேடிகன் பல பத்தாண்டுகளாக அந்த நாற்காலியில் இருந்தவர்.

ரவுனர் பதவியேற்ற அதே மாதம் மாநில வருமான வரி 5 சதவீதத்திலிருந்து 3.75-க்கு இறங்கியது. 2011-இல் தற்காலிகமாக ஏற்றிய வரியின் கெடு முடிந்ததுதான் காரணம். வருமானத்தில் பெரிய ஓட்டை விழுந்தது. அதை அடைக்க வரியைக் கூட்டலாம், செலவை வெட்டலாம், இரண்டையும் கலக்கலாம். வரி பற்றிப் பேசுவதற்கு முன் தன் சீர்திருத்தங்களை ஏற்க வேண்டும் என்றார் ரவுனர். சொத்து வரியை ஏறாமல் உறைய வைப்பது, தொழிற்சங்கங்களின் பேர உரிமைக்குக் கட்டுப்பாடு, சட்டமன்ற உறுப்பினர்களுக்குப் பதவிக்கால வரம்பு ஆகியவை அந்தப் பட்டியலில் இருந்தன. பட்ஜெட்டுக்குச் சம்பந்தமில்லாத விஷயங்களைப் பேரத்தில் கொண்டுவராதீர்கள், அதெல்லாம் தொழிலாளர் சம்பளத்தில் கைவைக்கும் வேலை என்றது மறுதரப்பு. 2015 ஜூலை 1 முதல் 2017 ஜூலை 6 வரை முழு பட்ஜெட் இல்லாமலேயே மாநிலம் ஓடியது. நடுவில் 2016 ஜூன் கடைசியில் ஒரு தற்காலிக ஏற்பாடு மட்டும் செய்துகொண்டார்கள்.

பட்ஜெட் இல்லையென்றால் செலவும் இருக்காது என்று தோன்றும். நடந்தது அதுவல்ல. ஊழியர் சம்பளம், மருத்துவ உதவி, ஓய்வூதியம், கடன் தவணை என்று பெரும்பகுதி நீதிமன்ற உத்தரவுகளாலும் ஏற்கெனவே இருந்த சட்டங்களாலும் ஓடிக்கொண்டே இருந்தது. கேட்பாரற்று நின்றவை பல்கலைக்கழகங்கள், ஏழை மாணவர் உதவித்தொகை, சமூக சேவை அமைப்புகள். சிகாகோ மாநிலப் பல்கலைக்கழகம் 2016-இல் நூற்றுக்கணக்கான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. லாட்டரியில் பெரிய பரிசு விழுந்தவர்களுக்குக்கூடப் பணம் தராமல் காத்திருக்கச் சொன்னார்கள்.

கட்டாத பில்கள் குவிந்தன. 2017 கோடையில் பாக்கி 1,400 கோடி டாலரைத் தாண்டியது. தாமதமான பில்களுக்கு மாதம் 1 சதவீத வட்டி என்பது அந்த மாநிலச் சட்டம். அப்படிச் சேர்ந்த வட்டி மட்டுமே 100 கோடி டாலருக்கு மேல். மாநிலத்தின் கடன் தரக் குறியீடு, முதலீட்டுக்கு உகந்ததல்லாத ‘குப்பை’ நிலைக்கு ஒரே ஒரு படி மேலே வந்து நின்றது. கடைசியில் 2017 ஜூலையில் ஆளுநரின் வீட்டோவை மீறி வருமான வரி 4.95 சதவீதமாக்கப்பட்டது. கீழவையில் தேவைப்பட்ட வாக்குகள் 71, விழுந்ததும் 71. ஆளுநரின் கட்சிக்காரர்கள் சிலர் அணி மாறாமல் அது நடந்திருக்காது.

செலவை வெட்டுவது வேறு, பில்லைக் கட்டாமல் வைத்திருப்பது வேறு. வெட்டினால் செலவு குறையும். கட்டாமல் வைத்தால் வட்டியோடு வளரும். அந்த இரண்டு வருஷத்தில் பெரும்பாலும் நடந்தது இரண்டாவது.

உங்கள் பில் எப்படிப் பிறக்கிறது?

இல்லினாய் மாநில அரசு சொத்து வரி வசூலிப்பதில்லை. பள்ளி மாவட்டம், நகரம், கவுண்டி, பூங்கா மாவட்டம், நூலகம், தீயணைப்பு மாவட்டம் என்று தனித்தனி அமைப்புகள் வசூலிக்கின்றன. மாநிலம் முழுக்க இப்படிப்பட்ட உள்ளாட்சி அமைப்புகள் சுமார் 7,000, அமெரிக்காவிலேயே மிக அதிகம். உங்கள் பில்லை எடுத்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொகை இருக்கும். பாதிக்கு மேல் பள்ளிக்குப் போவதும் தெரியும்.

சென்னையில் சதுர அடிக்கு இவ்வளவு என்று வீதம் வைத்து வரி போடுகிறார்கள். இல்லினாயில் முறை தலைகீழ். முதலில் மொத்தத் தேவை, பிறகுதான் வீதம். ஒரு கற்பனைக் கணக்கு: பள்ளி மாவட்டத்துக்கு 1 கோடி டாலர் வேண்டும், அங்குள்ள எல்லாச் சொத்துகளின் வரி மதிப்பு 25 கோடி டாலர் என்றால் வீதம் 4 சதவீதம். சந்தையில் 3,00,000 டாலர் பெறும் வீட்டின் மதிப்பீடு அதில் மூன்றில் ஒரு பங்கு, 1,00,000 டாலர். சொந்த வீட்டில் குடியிருப்பவருக்கு உங்கள் பகுதியில் 8,000 டாலர் கழிவு. மீதி 92,000-க்கு 4 சதவீதம், 3,680 டாலர்.

எல்லாச் சொத்துகளின் மதிப்பும் 10 சதவீதம் ஏறி, பள்ளியின் தேவை மாறாமல் இருந்தால் வீதம் தானாக இறங்கிவிடும். உங்கள் பில் ஏறக்குறைய அப்படியே இருக்கும். உங்கள் வீட்டின் மதிப்பு ஏறி, பக்கத்து அலுவலகக் கட்டடங்கள், மால்களின் மதிப்பு ஏறாமல் நின்றால், அவர்கள் தோளிலிருந்து ஒரு பங்கு உங்கள் தோளுக்கு மாறும். தொற்றுக்காலத்துக்குப் பின் வீட்டு விலைகள் ஏறி, காலி அலுவலகங்கள் மதிப்பிழந்த இடங்களில் நடந்தது இதுதான்.

அப்படியானால் இழுபறிக்கும் வரிக்கும் என்ன உறவு?

உங்கள் பகுதிப் பள்ளிகளின் வரித்தேவைக்கு 1991 முதல் ஒரு மூக்கணாங்கயிறு உண்டு. விலைவாசி உயர்வு அல்லது 5 சதவீதம், இரண்டில் எது குறைவோ அதற்குமேல் மொத்த வசூலை ஏற்றக் கூடாது. புதிய கட்டடங்கள் மட்டும் விலக்கு, மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புக்கொண்டால் மீறலாம். விலைவாசி படுத்துக் கிடந்ததால் இழுபறி ஆண்டுகளில் அந்த வரம்பு 0.8 சதவீதம், பிறகு 0.7. அதாவது ஆளுநர் கேட்ட உறைநிலை ஏறக்குறைய அமலில் இருந்தது. 2021, 2022-இல் பணவீக்கம் 5 சதவீதத்தைத் தாண்டியதும் பள்ளிகள் இரண்டு ஆண்டுகள் முழு 5 சதவீதம் ஏற்ற வழி கிடைத்தது. அண்மையில் உங்கள் தவணை துள்ளியதற்கு முதல் காரணமாக நான் பார்ப்பது இதை.

ஆனாலும் இழுபறிக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். அதன் சுமை மூன்று வழிகளில் இறங்கியது.

ஒன்று, வருமான வரியில் உள்ளாட்சிகளின் பங்கு. 2011-க்கு முன் வசூலில் 10 சதவீதம் அவர்களுக்குப் போனது. வரியை ஏற்றியபோது கூடுதல் பணத்தை மாநிலமே வைத்துக்கொண்டது, பங்கு குறைந்தது. 2015-இல் ரவுனர் அதைப் பாதியாக்கச் சொன்னார், அது நடக்கவில்லை. 2017-இல் இழுபறி முடிந்த பட்ஜெட்டில் இருந்த பங்கிலும் 10 சதவீதம் வெட்டினார்கள். ஆக, இரண்டு கட்சிகளும் கைவைத்த பை அது. நகராட்சிக்கு வரவு குறைந்தால் காவலரையும் தீயணைப்பையும் குறைக்க வேண்டும், அல்லது சொத்து வரியைத் தொட வேண்டும். நேப்பர்வில் போல 25,000 மக்களுக்கு மேலுள்ள ‘ஹோம் ரூல்’ (தன்னாட்சி) நகரங்களுக்கு நான் சொன்ன வரம்பு பொருந்தாது என்பதையும் கவனியுங்கள்.

இரண்டாவது, ஓய்வூதியம். 1970-இல் வந்த மாநில அரசியல் சட்டம், அரசு ஊழியர் ஓய்வூதியத்தைக் குறைக்கக் கூடாது என்கிறது. அதைக் குறைக்க 2013-இல் கொண்டுவந்த சட்டத்தை மாநில உச்ச நீதிமன்றம் 2015 மே மாதம் அடித்துத் தள்ளியது. பேரம் பேசிக் குறைக்க முடியாத செலவு என்று ஆனபின், பணம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி மட்டுமே மிச்சம். அதே ஆண்டு அக்டோபரில் சிகாகோ நகர மன்றம் சொத்து வரியை 58.8 கோடி டாலர் ஏற்றியது. பெரும்பகுதி காவலர், தீயணைப்பாளர் ஓய்வூதியத்துக்கு. மறு ஆண்டு ஆசிரியர் ஓய்வூதியத்துக்கென்று சிகாகோ பள்ளிகள் தனியாக ஒரு சொத்து வரி போட மாநிலம் அனுமதி கொடுத்தது. மாநிலம் பணமாகத் தராமல் அனுமதியாகத் தந்தது.

மூன்றாவதுதான் வேர்: பள்ளிச் செலவில் மாநிலத்தின் பங்கு பல பத்தாண்டுகளாகக் குறைவு. இழுபறியின்போதும் பள்ளிகளுக்கான அடிப்படை நிதி தொடர்ந்து கிடைத்தது. ஆனால் பள்ளிப் பேருந்து, சிறப்புக் கல்வி ஆகியவற்றுக்கு வர வேண்டிய பணம் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. 2017 ஆகஸ்ட் கடைசியில் புதிய பள்ளி நிதிச் சட்டத்தில் ரவுனரே கையெழுத்திட்டார். ஆண்டுக்குக் குறைந்தது 35 கோடி டாலர் கூடுதலாக, ஏழை மாவட்டங்களுக்கு முன்னுரிமை. அந்தச் சண்டையிலிருந்து விளைந்த உருப்படியான ஏற்பாடு இது. ஆனால் வசதியான பகுதியில் இருக்கும் உங்களுக்கு அதில் பெரிய பங்கு வராது.

ஒரே சட்டமாகப் போட்டு நிறுத்திவிட்டால்?

ஓர் ஆண்டு நிம்மதி கிடைக்கும். சம்பளம், காப்பீடு, ஓய்வூதியம் நிற்காது. இதை ரவுனரும் அறிந்திருந்தார். அதனால்தான் உள்ளாட்சிகள் சம்பளச் செலவைக் குறைக்க அதிகாரம் வேண்டும் என்று கூடவே கேட்டார். எதிர்த்தரப்பு மறுத்ததும் அந்தப் பாதியைத்தான். மாநிலம் ஈடு தராமல், செலவைக் குறைக்க வழியும் தராமல் வரியை மட்டும் நிறுத்தினால், இழுபறியில் மாநிலம் செய்ததைப் பள்ளி வாரியம் செய்யும்: கையிருப்பைத் தின்னும், பழுதுபார்ப்பைத் தள்ளிப்போடும், கடன் பத்திரம் வெளியிடும்.

யாரிடம், எப்போது, என்ன?

வீட்டு மதிப்பீடு அதிகம் என்று நினைத்தால் அது வெளியான 30 நாளுக்குள் கவுண்டி மறுஆய்வு வாரியத்தில் முறையிடுங்கள். அக்கம்பக்கத்தில் இதே மாதிரி வீடுகள் விற்ற விலையைக் காட்ட வேண்டும். வரி தாங்கவில்லை என்ற வாதம் அங்கே எடுபடாது, மதிப்பு தவறு என்பது மட்டுமே எடுபடும். சொந்த வீட்டுக் கழிவு பில்லில் இருக்கிறதா என்றும் பாருங்கள். கூட்டாட்சி வருமான வரியில் சொத்து வரி உள்ளிட்ட உள்ளூர் வரிகளைக் கழிக்க 2018 முதல் 10,000 டாலர் வரம்பு இருந்தது, 2025-இல் அது 40,000 ஆனது. உங்கள் கணக்காளரிடம் கேளுங்கள்.

ஆனால் மொத்தத் தேவை முடிவாவது டிசம்பரில். கடந்த ஆண்டைவிட 5 சதவீதத்துக்கு மேல் கேட்டால் முன்னறிவிப்பு கொடுத்துப் பொது விசாரணை நடத்தியாக வேண்டும். அந்தக் கூட்டங்களில் பெரும்பாலும் நாற்காலிகள்தான் உட்கார்ந்திருக்கும். பள்ளி வாரியத் தேர்தல் ஒற்றைப்படை ஆண்டு ஏப்ரலில் வரும், அதற்கும் கூட்டம் சேராது. பில் வந்தபின் கோபப்படுகிறவர்களில் பத்தில் ஒருவர் டிசம்பர் கூட்டத்துக்குப் போனாலும் பேச்சின் தொனி மாறும்.

உள்ளாட்சி வேட்பாளரிடம், வரம்பு அனுமதிக்கிறது என்பதற்காகவே முழு அளவும் ஏற்றுவீர்களா, கையிருப்பு எவ்வளவு என்று கேளுங்கள். மாநில வேட்பாளரிடம் வேறு கேள்வி. செலவை வெட்டுவேன் என்பவர் எதை வெட்டுவார், அந்த வேலையை அதன்பின் யார் செய்வார், அதற்குப் பணம் யார் தருவார் என்று கேளுங்கள். வெட்டவே கூடாது என்பவரிடம் எந்த வரியிலிருந்து தருவார் என்று கேளுங்கள். இரண்டு பேரும் பெயர் சொல்லிப் பதில் தராவிட்டால், அந்தத் தொகை உங்கள் பில்லில் வரும் என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.